கப்பலேறாத கறிதோசை

வழிப்பயணத்தின்போது உண்பதற்கென்று கட்டி எடுத்துச் செல்லும் உணவைப் பழந்தமிழ் 'ஆற்றுணா' என்ற சொல்லால் குறித்தது. இச்சொல்லில் வரும் 'ஆறு' வழியைக் குறிப்பது. 'உணா' என்பது உணவு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய பழமொழி நானூறு, நிரம்பக் கற்றவர்க்கு எந்நாடும் தம் நாடே ஆகையால் அவர்கள் ஆற்றுணா சுமந்து செல்ல வேண்டியதில்லை என்ற கருத்தை முன்வைக்கிறது. அக்கருத்தின் உயர்வில் ஐயமில்லை என்றாலும், கடல் கடந்த தமிழரின் வரலாற்றைப் பார்த்தால், கற்றவரும் கல்லாதவரும் ஒரே மாதிரியாகப் புளியையும் பொடியையும் ஊறுகாயையும் கட்டிக்கொண்டுதான் கப்பலேறினார்கள் என்பதும், கட்டி எடுத்துச் செல்ல முடியாத உணவுகளை நினைத்தே பயணம் முழுவதும் வாடினார்கள் என்பதும் தெரியவருகின்றன.

தமிழர் சமையலை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் அது இரண்டு பெரும் பிரிவுகளாகப் பிரிந்து நிற்கும். ஒன்று, நாள்கணக்கில் கெடாமல் மூட்டைக்குள் அடங்கி ஊர்விட்டு ஊர் செல்லக்கூடியது. மற்றொன்று, அடுப்பிலிருந்து இலைக்கு வரும் சில நிமிடங்களுக்குள்ளேயே தன் முழுச் சுவையையும் கொடுத்துவிட்டு, அந்த நேரம் தவறினால் பெயரளவில் மட்டும் எஞ்சி நிற்பது. இன்று உல்லாசக் கப்பலில் விடுமுறைக்குச் செல்பவரும், அதே கப்பலின் அடித்தளத்தில் எட்டு மாதம் ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவரும் தேடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை உணவையே. அதற்கான காரணங்கள் கப்பல் சமையற்கூடத்தின் அமைப்பிலும், அதை ஆளும் விதிகளிலும், ஊரின் தண்ணீரிலும் தட்பவெப்பத்திலும் இருக்கின்றன. மதுரையின் சிம்மக்கல் பகுதியை அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விளங்கும்.

ஆற்றங்கரையின் அடுப்புகள்

கல்லால் ஆன சிங்க உருவத்தால் பெயர் பெற்ற சிம்மக்கல், வைகையின் தென்கரையில், யானைக்கல்லை ஒட்டி அமைந்த பகுதி. 1889-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம், மதுரை மக்கள் வாயில் ஏ.வி. பாலம், இதன் அருகிலிருந்துதான் ஆற்றைக் கடந்து கோரிப்பாளையத்துக்குச் செல்கிறது. கடற்கரை இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வைகையும் பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புவதோடு தன் பயணத்தை முடித்துக்கொள்ளும் ஆறாகையால், வெள்ளக் காலங்களில் மட்டுமே ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகில் கடலைத் தொடுகிறது. இப்படிக் கடலோடு நெருங்கிய உறவு இல்லாத ஓர் உள்நாட்டுப் பகுதியானாலும், கட்டுச்சோற்றின் இயல்பை நன்கு அறிந்த பகுதி இது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காண, சுற்றுவட்டச் சமவெளிக் கிராமங்களிலிருந்து மாட்டு வண்டி கட்டி வந்த தலைமுறைகள், புளியோதரையையும் எலுமிச்சைச் சோற்றையும் எண்ணெய் ஊறிய இட்லியையும் பொதியாகக் கட்டிக்கொண்டு வந்து இந்த ஆற்று மணலில்தான் பிரித்து உண்டன. ஆனால் சிம்மக்கல்லின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்ற உணவு பொதியில் அடங்காத வகையைச் சேர்ந்தது.

கோனார் மெஸ் என்ற பெயரோடு சேர்த்து அறியப்படும் சிம்மக்கல் கறிதோசை அவ்வகைக்குத் தக்க சான்று. மதுரை வழக்கில் 'கறி' என்றால் ஆட்டிறைச்சி. தடிமனாக ஊற்றிய தோசையின்மேல் முட்டையைப் பரப்பி, அதன்மேல் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அடுக்கித் திருப்பிப் போட்டு எடுப்பது கறிதோசை. அடியில் தோசை முறுகியும், நடுவில் முட்டை இறுகியும் இறுகாமலும், மேலே கறி கல்லின் சூட்டில் இலேசாகத் தீய்ந்தும் இருக்கும் மூன்று வேறு நிலைகள் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் அது கறிதோசையாகிறது. கல்லை விட்டு எடுத்துச் சிறிது நேரம் மூடி வைத்தாலே கறியின் ஈரம் தோசைக்குள் இறங்கி முறுகல் மறைந்துவிடும் என்பதால், இதைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்வதுகூட ஒருவகைச் சமரசமே. பல ஆண்டுகளாகச் சூடேறி எண்ணெய் குடித்துப் பழகிய கனத்த இரும்புக் கல்லும், அதன் அடியில் எரியும் நெருப்பும், கல்லுக்கும் இலைக்கும் இடையிலுள்ள நான்கடித் தூரமும் இந்த உணவின் சேர்மானங்களுள் அடங்கும் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதைவிடவும் இடம் பெயர மறுப்பது அயிரை மீன் குழம்பு. அயிரை என்பது குளம், கண்மாய், வாய்க்கால் ஆகியவற்றின் அடிமணலில் வாழும், விரலைவிடச் சிறிய நன்னீர் மீன். மண்ணைத் துழாவி இரையெடுக்கும் மீனாகையால் இதை உயிரோடு வாங்கி வந்து, பாலிலோ தேங்காய்ப் பாலிலோ சிறிது நேரம் நீந்த விட்டு, வயிற்றிலுள்ள மண்ணை அது கக்கிய பிறகு, கல் உப்புப் போட்டு உரசிக் கழுவி, தலையோடும் முள்ளோடும் முழுதாகக் குழம்பில் இடுவது மதுரை வீடுகளின் முறை. செத்த அயிரையைச் சமைப்பவர் இப்பகுதியில் அரிது. நான்கு புறமும் கடல் மீன் திரியும் நீரில் மிதந்தாலும், சமையலுக்கான மீனை உறைநிலைப் பெட்டகத்திலிருந்து எடுக்கும் ஒரு கப்பலில், உயிரோடு வந்து சேரவேண்டிய இந்தக் கண்மாய் மீனுக்கு இடமே கிடையாது. வைகைச் சமவெளியில் கண்மாய்கள் நிறையும் காலத்தோடும் வற்றும் காலத்தோடும் பிணைந்த உணவு இது. ஊரிலிருப்பவர்க்கே ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை.

பருத்திப்பாலின் கதை வேறு. கரிசல் நிலத்துப் பருத்தியும், 1892-இல் தொடங்கிய மதுரை ஹார்வி மில்லும் சேர்ந்து உருவாக்கிய நூற்பு நகரத்தின் பானம் அது. பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சி, வெல்லமோ கருப்பட்டியோ இட்டு, சுக்கும் ஏலமும் தேங்காய்ப் பூவும் சேர்த்துத் தள்ளுவண்டியில் சூடு ஆறாமல் விற்பார்கள். கொட்டையைக் காயவைத்துக் கொண்டு போகலாம் என்றாலும், ஆட்டிப் பிழிவதற்கு வேண்டிய உழைப்பைக் கொண்டு போக முடியாது. ஜிகர்தண்டாவோ, சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரிச் சர்பத், பனிக்கூழ் ஆகியவற்றோடு கடற்பாசியோ பாதாம் பிசினோ சேர்த்துத் தயாரிக்கப்படுவது. ஈரலைக் குளிர்விப்பது என்ற பொருளில் வடக்கிலிருந்து வந்த பெயர் அதற்கு. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி வகைகளிலிருந்து உருவாகும் கூழ்மம், நிலத்தின் வெயிலைத் தணிக்க மதுரைக்கு வந்து சேர்கிறது என்பதையும், அதே பானத்தை மதுரைக்காரர் கடலின் நடுவே இருந்து தேடுகிறார் என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, உணவுக்குரிய இடம் அதன் மூலப்பொருள் பிறக்கும் இடத்தில் இல்லை, அதை உண்ணும் வேளையிலும் வெயிலிலும்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

ரஜுலாவின் பெரிய அண்டாக்கள்

தமிழரின் கடற்பயணம் ஓய்வுக்காகத் தொடங்கியதன்று. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்த ட்ரூரோ என்ற கப்பல், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சுமந்து சென்றது. ஒப்பந்தத் தொழிலாளர் என்போர் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உழைப்பை எழுதிக் கொடுத்துக் கப்பலேறியவர்கள். இத்தகைய கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன வழங்கவேண்டும் என்பதை அரசு விதிகளாகவே வகுத்திருந்தது. அரிசி, பருப்பு, நெய் அல்லது எண்ணெய், மஞ்சள், மிளகாய், புளி, உப்பு, கருவாடு என்று அந்த அளவுப் பட்டியல் நீண்டது. அப்பட்டியலில் இடம்பெற்றவை அனைத்தும் உலர்ந்தவை அல்லது கெடாதவை என்பதையும், கீரை, முருங்கைக்காய், கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், புதிதாகப் புளித்த மாவு போன்ற பசுமையும் ஈரமும் கொண்டவை அதில் இருந்திருக்கவே முடியாது என்பதையும் நோக்கினால், கப்பல் உணவின் அடிப்படை இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது எனலாம்.

மதுரை, திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து மலாயாவுக்குச் சென்றவர்களின் நினைவில் நெடுங்காலம் நின்ற கப்பல் எஸ்.எஸ். ரஜுலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926-இல் கட்டப்பட்ட இது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் இதற்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட 'மேல்தளப் பயணி'களை ஏற்ற அனுமதி இருந்தது. மேல்தளப் பயணி என்பவர் அறையோ கட்டிலோ இல்லாமல், தளத்தில் பாயை விரித்து இடம் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தைக் கடத்தவேண்டியவர். அவர்களுக்கான சோற்றையும் குழம்பையும் பெரிய அண்டாக்களில் ஆக்கிய சமையற்காரர் 'பண்டாரி' எனப்பட்டார். களஞ்சியக்காரர் என்ற பொருளுடைய வடநாட்டுச் சொல் அது, துறைமுகங்களின் வழியாகத் தமிழிலும் மலாயிலும் புகுந்தது. ஆயிரக்கணக்கானவர்க்கு ஒரே நேரத்தில் ஆக்கும் சோற்றில் ஊர்ப் பக்குவத்தை எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே மேல்தளத்துப் பயணியின் தகரப் பெட்டியில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயும் இட்லிப்பொடியும் வற்றலுமே அந்தச் சோற்றை அவரவர் வீட்டுச் சோறாக மாற்றின. நார்த்தங்காய்க்கு மற்றொரு பயனும் இருந்தது. கடல் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு அதன் துண்டு ஒன்றை நாவில் அடக்கிக்கொள்வது தமிழ்ப் பயணிகளின் வழக்கம். சுக்கும் எலுமிச்சையும் அதே வேலைக்காக உடன் சென்றன. ரஜுலாவின் காலம் 1970-களின் தொடக்கத்தில் முடிந்தபின் அந்தத் தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் சென்னையை நெருங்கும் வேளையில் தீப்பற்றியது. தமிழகத்துக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் இடையிலான வழக்கமான பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்துடன் நின்றது.

கற்றவர்க்கு ஆற்றுணா வேண்டாம் என்ற கருத்தை இங்கே மீண்டும் நினைவுகூரலாம். 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கிளைட் என்ற கப்பலில் இங்கிலாந்து சென்ற காந்தி, உணவு மேசையில் எவற்றில் இறைச்சி சேர்ந்திருக்கும் என்று கேட்கத் தயங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு பயணத்தைக் கழித்ததைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பலில் ஏறி ஏப்ரல் 14 அன்று இலண்டனை அடைந்த கணிதமேதை இராமானுஜன், கேம்பிரிட்ஜில் தாமே சமைத்து உண்டார்; வேண்டிய பொருள்கள் கும்பகோணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் அவருக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னர் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், நாவைத் தாம் முழுமையாக வென்றுவிட்டதாகவும், வெறும் சோற்றோடு சிறிது உப்பும் எலுமிச்சைச் சாறும் இருந்தாலே எவ்வளவு நாளும் காலம் தள்ள முடியும் என்றும் அவர் தெரிவித்தார். நாவை வென்றவர் என்று சொல்லிக்கொண்டவரும் சோற்றையும் எலுமிச்சையையும் விட்டுவிடவில்லை என்பதே அக்கடிதத்தில் கவனிக்கவேண்டிய செய்தி. உலகின் தலைசிறந்த கணித அறிஞர்களோடு சமமாக அமர்ந்தவருக்கும் எந்நாடும் தம் நாடாக ஆனது அறிவளவில்தான்; வயிற்றளவில் அவர் காவிரிக் கரையிலேயே இருந்தார்.

பயணத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட உணவுகளுக்குப் பின்னால் இருக்கும் அறிவைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. புளியின் அமிலம் நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கிறது. நல்லெண்ணெய் சோற்றுப் பருக்கைகளின்மேல் படலமாகப் படிந்து காற்றை விலக்குவதோடு, அவ்வெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சேர்மங்கள் அது விரைவில் சிக்குப் பிடிக்காமல் காக்கின்றன. ஊறுகாயில் உப்பும் வற்றலில் வெயிலும் ஈரத்தை எடுத்துவிடுகின்றன. பொடியில் ஈரம் தொடக்கத்திலிருந்தே இல்லை. புளியோதரை ஒரு நாள் ஆனபின் சுவை கூடும் என்பது வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்ததே. அந்த வகையில் தமிழர் சமையலின் முதல் பிரிவு பயணத்தால் கெடுவதில்லை, மெருகேறுகிறது.

கப்பல்கள் வெறுமனே திரும்பி வரவுமில்லை. பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்த கவுனி அரிசி செட்டிநாட்டு விருந்தின் இனிப்பாகிவிட்டது. அங்கிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்த பர்மா பஜாரை ஒட்டி அத்தோ என்ற பர்மிய உணவை விற்கத் தொடங்கினார்கள். தோளில் தண்டு சுமந்து சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களால் பினாங்கில் நாசி கண்டார் என்ற சோற்றுணவு உருவானது.

கூடத்தில் நெருப்பு இல்லை

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்ததிலிருந்து, உல்லாசக் கப்பல் என்பது மதுரை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டும் தொலைவுக்கு வந்திருக்கிறது. 2023-இல் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைத் துறைமுகங்களுக்கும் சென்றது. 1990-இல் வேறொரு பெயரில் கரீபியக் கடலுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கப்பல் இந்தியப் பயணிகளுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது. இந்தியப் பயணிகளுக்காக ஓடும் கப்பல்களில் ஜைன உணவு உட்பட இந்திய உணவு தாராளமாகவே கிடைக்கிறது என்றாலும், 'இந்திய உணவு' என்ற தலைப்பின் கீழ் முன்னிற்பது பெரும்பாலும் பனீரும் நானும் பருப்பு மக்கனியும் பிரியாணியும்தான். இதனால் விந்தையான ஒரு நிலை ஏற்படுகிறது. ஊரில் விருந்துக்கு மட்டும் உண்பவை கப்பலில் மூன்று வேளையும் கிடைக்கின்றன. ஊரில் அன்றாடம் உண்பவையோ கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே மூன்றாம் நாளில் தமிழ்ப் பயணியின் நாக்கு பிரியாணியை விட்டுவிட்டு மிளகு ரசத்தையும், குழைந்த சோற்றில் பிசைந்த தயிரையும், சின்ன வெங்காயத்தையும் தேடத் தொடங்குகிறது.

அந்த எளிய உணவுகளைக் கப்பலில் ஆக்குவது ஏன் கடினம் என்பதற்குச் சமையற்காரரின் திறமைக் குறைவைக் காரணமாகக் காட்டுவது நியாயமன்று. கடலில் தீயைவிடப் பெரிய அச்சம் வேறில்லை என்பதால், இன்றைய பயணிகள் கப்பலின் சமையற்கூடம் பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்குகிறது. எரியும் சுடருக்கு அங்கே இடமில்லை. கரியடுப்போ விறகடுப்போ தரும் புகை மணமும், கல்லின் நடுவும் ஓரமும் வெவ்வேறு சூட்டில் இருப்பதால் தோசைக்குக் கிடைக்கும் முறுகலும் அத்துடன் விடைபெற்றுக்கொள்கின்றன. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் 1970-களிலிருந்தே ஒரு சுகாதாரத் திட்டத்தின் கீழ்ச் சோதித்து வருகிறது. அதன் விதிப்படி சூடாக வைக்கும் உணவு 57 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிராக வைக்கும் உணவு 5 பாகைக்கு மிகாமலும் இருக்கவேண்டும். நூற்றுக்கணக்கானவர் நெருங்கி வாழும் இடத்தில் ஒரு வயிற்றுப்போக்கு நோய் பரவினால் என்னாகும் என்பதை எண்ணினால் இவ்விதியின் தேவை விளங்கும். ஆனால் தமிழர் சமையலில் பெரும்பகுதி இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையிலேயே உயிர் வாழ்கிறது. அரைத்த சூட்டோடு அறையின் வெப்பத்தில் உண்ணவேண்டிய தேங்காய்ச் சட்னியைக் குளிர்பெட்டியில் வைத்தால் அதன் எண்ணெய் உறைந்து சுவை மங்கும். 57 பாகையில் காத்திருக்கும் இட்லி வறண்டு போகும்.

இட்லி மாவின் நிலை இன்னும் சிக்கலானது. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள், அவற்றுள் சிறப்பாக லியூகோநாஸ்டாக் என்ற இனம், மாவைப் புளிக்கச் செய்து, வெளிவிடும் வாயுவால் அதைப் பொங்க வைக்கின்றன. 30 பாகையை ஒட்டிய வெப்பமும் ஓர் இரவு நேரமும் இதற்குத் தேவை. மதுரையின் இரவுகளோ கேட்காமலே அந்த வெப்பத்தைத் தந்துவிடுகின்றன. கப்பலில் கூடம் குளிரூட்டப்பட்டிருக்கும். மாவை இரவு முழுவதும் வெளியில் வைத்திருப்பது மேற்சொன்ன வெப்ப விதியோடு உடனே முரண்படும். கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிப் பெறும் நீரில் கிருமிகளைக் கொல்வதற்காகக் குளோரின் எப்போதும் சேர்ந்திருக்கும் என்பதால், நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் அந்நீர் உகந்ததாக இருப்பதில்லை. இவற்றையெல்லாம் தவிர்க்கச் சோடா உப்புக் கலந்த உடனடி மாவே எளிய வழியாகிறது. அதில் வேகும் இட்லி வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும். புளிப்பு மட்டும் இருக்காது. தயிரிலும் இதே வேறுபாடு உண்டு. ஆலைத் தயிர் தேர்ந்தெடுத்த இரண்டொரு நுண்ணுயிர்களைக் கொண்டு உயர்ந்த வெப்பத்தில் உறைய வைக்கப்படுவது. வீட்டுத் தயிர் நேற்றைய தயிரின் பல்வகை உயிர்களைக் கொண்டு அறை வெப்பத்தில் உறைவது. கப்பல் தயிரில் சோற்றைப் பிசைந்தவர் ஏதோ குறைகிறது என்று உணர்வது பிரமை அன்று.

வீட்டிலிருந்து கொண்டு செல்லலாமே என்று கேட்பவர்க்கும் தடைகள் பல உண்டு. வீட்டில் சமைத்த உணவைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. ஆலையில் அடைத்து முத்திரையிட்ட பொட்டலங்களையே அனுமதிக்கின்றன. மின்அடுப்பு, நீர் கொதிக்க வைக்கும் சுருள் போன்றவற்றைத் தீ அச்சத்தால் பெட்டியிலிருந்தே எடுத்து வைத்துவிடுகின்றன. இறங்கும் துறைமுகத்தின் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு வேலி. கறிவேப்பிலையைக் கொண்டு செல்ல முடியாத காரணம் பலருக்குத் தெரியாது: எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால், அமெரிக்கா போன்ற நாடுகள் பச்சைக் கறிவேப்பிலையை வெளிநாட்டிலிருந்து எடுத்துவரத் தடை விதித்திருக்கின்றன. ஊரில் கடைக்காரர் விலையில்லாமல் கொசுறாகப் போடும் ஒரு கொத்து இலை, கடலுக்கு அப்பால் சட்டத்துக்குட்பட்ட பொருளாகிவிடுகிறது.

அடித்தளத்தில் உண்பவர்கள்

விடுமுறைப் பயணியின் குறை ஐந்தாறு நாளில் தீர்ந்துவிடும். சிம்மக்கல்லுக்குத் திரும்பிய மாலையே அவர் கறிதோசையின் முன் அமர்ந்துவிடலாம். கப்பலையே வேலையிடமாகக் கொண்டவர்க்கு அப்படியன்று. கடலே இல்லாத மதுரையில் ஆர்.எல். கடல்சார் அறிவியல் நிறுவனம் போன்ற கல்வி நிலையங்கள் கப்பல் பொறியாளர்களையும் அலுவலர்களையும் உருவாக்கி வருகின்றன. உணவக மேலாண்மை படித்தவர்கள் உல்லாசக் கப்பல்களின் அறைப் பணிக்கும் உணவுக்கூடப் பணிக்கும் செல்கிறார்கள். சரக்குக் கப்பலில் இருபது, இருபத்தைந்து பேருக்குச் சமைப்பவர் ஒரே ஒருவர். அவர் எந்த நாட்டவரோ அந்த நாட்டுச் சுவையே எல்லார் தட்டிலும் விழும். மாதக்கணக்கில் அவ்வாறு உண்பது உடலையும் மனத்தையும் எவ்வளவு பாதிக்கும் என்பதை உணர்ந்ததால்தான் சர்வதேசச் சட்டமே இதில் தலையிட்டது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013 ஆகஸ்ட் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றுறுதி செய்தது. மாலுமிகளின் உரிமைச் சாசனம் என்று சொல்லத்தக்க அந்த ஆவணம், கப்பலில் வேலை பார்க்கும் காலம் முழுவதும் உணவும் குடிநீரும் இலவசமாக வழங்கப்படவேண்டும் என்றும், அவ்வுணவு அளவிலும் சத்திலும் தரத்திலும் வகையிலும் போதியதாக இருக்கவேண்டும் என்றும், மாலுமிகளின் சமய, பண்பாட்டு வழக்கங்களைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. கப்பல் சமையற்காரர் 18 வயது நிரம்பியவராகவும் உரிய பயிற்சி பெற்றவராகவும் இருக்கவேண்டும். பத்துப் பேருக்கும் குறைவானவர் பணிபுரியும் கப்பல்களுக்குப் பயிற்சித் தகுதியில் தளர்வு உண்டு. சமச்சீர் உணவை இன்னும் தெளிவாக வலியுறுத்தும் திருத்தங்கள் 2022-இல் ஏற்கப்பட்டு, 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. கப்பல் உணவைப் பற்றிய பேச்சு நாக்கின் ஆசையைப் பற்றியதே என்று எண்ணுவோர், 'பண்பாடு' என்ற சொல்லை ஒரு தொழிலாளர் சட்டம் உணவோடு சேர்த்து வைத்திருப்பதை ஆழ்ந்து நோக்கவேண்டும். தன் ஊரின் ரசத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுக்கும் வேலையில் மதுரைக்குப் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டின் உணவகக் கல்லூரிகள் கப்பல் பணிக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்தும்போது மேற்கத்திய உணவுகளிலேயே நேரத்தைச் செலவிடாமல், மின்சாரக் கல்லில் தோசை வார்க்கும் முறை, குளிர்ந்த கூடத்தில் வெப்பப்பெட்டி ஒன்றைக் கொண்டு பாதுகாப்பாக மாவு புளிக்க வைக்கும் முறை, பச்சைக் கறிவேப்பிலை இல்லாத இடத்தில் உலர்ந்த இலையின் மணத்தை எண்ணெயில் இறக்கும் முறை ஆகியவற்றைப் பாடமாக்கவேண்டும். கறிதோசையும் அயிரைக் குழம்பும் கடலுக்குச் செல்லமாட்டா. அவற்றுக்காக ஊர் திரும்பித்தான் ஆகவேண்டும். ரசமும் தயிரும் புளித்த இட்லியும் செல்லலாம், செல்லவேண்டும். பிள்ளைகளைக் கப்பல் வேலைக்கு அனுப்பும் பெற்றோர் பெட்டியில் பொடியையும் ஊறுகாயையும் வைக்கும்போது மற்றொரு செய்தியையும் சொல்லி அனுப்ப வேண்டும்: உணவைப் பற்றிக் கப்பலிலேயே முறையீடு செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு, அப்படி முறையிட்டவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் அதே உடன்படிக்கை எழுத்தில் சொல்லியிருக்கிறது.